ரிசர்வ் சைட்டின் பச்சைக் காலடிகள்

உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற சாலையில், நூற்பாலைச் சுவர் முடிகிற இடத்தில் இடது கைப் பக்கம் திரும்பினால் வரும் எங்கள் கற்பக கார்டனில், ஈஸ்வரமூர்த்திக்கும் கலாமணிக்கும் ஒரே மகளான சம்யுக்தா பதினோரு வயதில் டெங்குக் காய்ச்சலில் இறந்து, நாற்பத்திரண்டாம் நாள் விடிந்தபோது, ரிசர்வ் சைட் புல்தரையில் நடந்துவிட்டுப் போயிருந்தாள். ஆளை யாரும் பார்க்கவில்லை, கொலுசுச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. வெளிறிக் கிடந்த புல்லில் இருபத்தேழு காலடிகள் மட்டும் கரும்பச்சையாக எழும்பி நின்றன, ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் பாத அளவில், விரல் ஐந்தும் குதிகாலும் தனித்தனியாகத் தெரிய, இடது பாதம் மட்டும் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் இடது காலை அப்படித்தான் வைப்பாள் என்பது எங்கள் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியும் என்பதால், யாருடைய காலடி என்று விசாரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

முதலில் பார்த்தவன் நான். பெயர் சென்னியப்பன், மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், வேறு இளிச்சவாயன் கிடைக்காததால் ஆறாவது வருடமாகக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ரிசர்வ் சைட் என்பது மனை பிரிக்கும்போது பூங்காவுக்கென்று விட்டுவைத்த பொது இடம். மனை விற்றவர் துண்டு நோட்டீசில் கிளிப்பச்சையாக அச்சடித்துக் காட்டிய அந்தப் புல்தரை, எங்கள் சுண்ணாம்பு ஓடக்கல் மண்ணில் வந்து இறங்கிய நாள் முதல் ஊறப்போட்ட அரிசி நிறத்தில்தான் கிடந்தது. நானும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தேன், கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தேன். அந்தப் புல்லில் பச்சை என்று ஒன்றை நான் கண்ட முதல் நாள் அதுதான். செயலாளர் புத்தியைப் பாருங்கள், பிள்ளையின் காலடி என்று உறைப்பதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

கலாமணியின் வீடு ரிசர்வ் சைட்டை ஒட்டிய முதல் வீடு. நான் போய்க் கூப்பிட்டதும் தலையைக்கூட முடியாமல் வந்தாள். முதல் காலடியிலிருந்து கடைசிக் காலடி வரை பக்கத்திலேயே நடந்து போனாள், திரும்பி வந்தாள், குனிந்து ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"செருப்பில்லாம வந்திருக்கறா பாருங்க மாமா. இங்கெல்லாம் நெருஞ்சி முள்ளு கெடக்குமுங்களே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள், அழவில்லை. பிள்ளை போன நாளிலிருந்தே அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அன்று மதியத்துக்குள் கற்பக கார்டன் மொத்தமும் குனிந்து நெருஞ்சி பொறுக்கியது, கையெழுத்துப் போடக்கூட வீட்டை விட்டு வராத வக்கீல் வீட்டுக்காரர் உட்பட.

அதிசயம் வந்தால் ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் விழுந்த காலடி எட்டாம் நாள் வெளிறும், அதற்குள் புதிதாக ஏழு நாள் காலடி விழுந்திருக்கும், ஆகவே புல்தரையில் எப்போதும் அவள் இருந்தாள், இருப்பவர்களுக்கு ஏற்றபடி நாங்கள் ஒதுங்கி நடந்துகொண்டோம். நடைப்பயிற்சிக்காரர்கள் புல்லை விட்டு இறங்கி ஓரமாகச் சுற்றினார்கள். புல் வெட்டும் தங்கவேல் இயந்திரத்தின் கத்தியை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினான். பால்காரர் காலடி கிழக்கே போனால் மழை என்றார், மேற்கே போன நாளில் மழை கொட்டியதும் மேற்கே என்று மாற்றிக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தொட்டுக் கும்பிட்டார்கள், அதில் இரண்டு பேர் கணக்கில் கோட்டை விட்டதும் கும்பிடுவது குறைந்தது. பிள்ளை பி வரிசை வீடுகள் பக்கமே போகிறாள், சி வரிசை என்ன பாவம் செய்தது என்று சி வரிசைப் பெண்கள் கலாமணியிடமே போய்க் கேட்டார்கள், அவளும் முகம் கோணாமல் "சொல்லிப் பாக்கறனுங்க அக்கா" என்றாள், மறுநாள் காலடிகள் சி வரிசைப் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பியிருந்தன. செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு படம் பிடிக்க வந்த ஒருவனைத் தங்கவேல் புல் வெட்டும் இயந்திரத்தோடு மெயின் ரோடு வரை துரத்தினான். பரிகாரம் செய்து பிள்ளையை வழியனுப்பிவிடலாம் என்று தானாக முன்வந்த ஜோசியரிடம், "அவளே வழி தெரிஞ்சுதான வந்துக்கிட்டிருக்கறா, நீங்க எதுக்குங்க அனுப்பறீங்க?" என்று கலாமணி கேட்டாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவியை அந்த வருடம்தான் பறிகொடுத்திருந்த நாச்சிமுத்து மட்டும் ஒரு காலடியை மண்ணோடு கொத்தியெடுத்துத் தன் வீட்டு வாசலில் பதித்தார். மூன்றாம் நாள் அது மற்றப் புல்லைப் போலவே வெளிறியது. அந்தக் கட்டியைக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைத்து மிதிக்காமல் கையால் அமுக்கிவிட்டுப் போனார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கலாமணியை அரித்தது வேறு. வந்த பிள்ளை எதற்கு வருகிறாள், என்ன குறையோடு அலைகிறாள் என்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒவ்வொன்றாக வாங்கி, அதிலிருந்த எண்கள் புரியாமல், வெள்ளைக் கோட்டில் யார் வந்தாலும் நீட்டி நீட்டிக் கேட்டவள் அவள்.

"ரத்தத்துல தட்டணு கொறையுது, கொறையுதுன்னாங்க மாமா. எத்தன இருக்கோணும், எத்தன இருக்குதுன்னு எனக்குப் படிக்கத் தெரீல. படிக்கத் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இந்தத் தடவ நானே படிச்சுத் தெரிஞ்சுக்கோணுங்க" என்றாள்.

மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று அவளுக்குச் சொன்னது தென்னந்தோப்பு வைத்திருந்த அவளுடைய அண்ணன். மண் பரிசோதனை நிலையத்தின் துண்டுப் பிரசுரத்தை நான்தான் வாங்கிவந்து கொடுத்தேன். வரப்போரம் எடுக்காதே, மர நிழலில் எடுக்காதே, எருக்குழி அருகில் எடுக்காதே; இரும்பு படாமல் மரக்குச்சியால் அரையடி ஆழத்துக்குச் சாய்வாகக் குழித்து, பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சீவியெடு; பத்து இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகப் பிரி; எதிரெதிரே இருக்கிற இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கல; அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே பிரி, தள்ளு, கல. கலாமணி இரண்டு குவியல் சேர்த்தாள், ஒன்று வெளிறிய இடத்து மண், ஒன்று காலடிகளின் மண். வெளிறிய இடத்து மண்ணை வாசலில் பரப்பி, பிரசுரத்தில் இருந்தபடி பிரித்துத் தள்ளிப் பொட்டலம் கட்டிவிட்டாள். காலடி மண்ணை வட்டமாகப் பரப்பி நாலாகக் கோடு கிழித்தவள், அதற்குமேல் கை போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல எத மாமா தள்ளறது? எது வேண்டாததுன்னு நீங்களே சொல்லுங்க."

எதையும் தள்ளாமல் ஆறு கிலோ மண்ணையும் மஞ்சள் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள், நானும் கூடப் போனேன். அங்கே இருந்த ரெஜினா மேரி மேடம் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இவ்வளவு?" என்று சிரித்தவர், கலாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தானே பரப்பிப் பிரித்து, வேண்டிய அரைக் கிலோவை எடுத்துக்கொண்டு மீதியை ஒரு துகள் சிந்தாமல் கட்டிக் கொடுத்தார். கலாமணி அதைத் திரும்பக் கொண்டுவந்து குழிகளில் பங்கிட்டு நிரப்பினாள்.

பதினைந்து நாளில் இரண்டு அட்டைகள் வந்தன. மேடம் எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, குறைவு, மத்திமம், அதிகம் என்று மூன்று கட்டம் இருப்பதிலிருந்து ஆரம்பித்தார். வெளிறிய மண்ணின் கார அமில நிலை எட்டரை, ஏழுதான் நடுநிலை. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து குறைவு, இரும்பு மிகவும் குறைவு.

"எங்க மண்ணுல இரும்பே இல்லீங்களா?" என்று கேட்டாள் கலாமணி.

"இல்லாம என்னம்மா, நிறைய இருக்கு. சுண்ணாம்பு அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. வேருக்குக் கிடைக்கிற நிலையில இல்ல. நாங்க கிடைக்கிறதை மட்டும்தான் அளக்கிறோம். இருக்கிறது எல்லாமே இந்த அட்டையில வராது."

அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மேடம் சொன்னார். பிறகு காலடி மண்ணின் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இந்த மண்ணுக்கு எதுவுமே போட வேண்டாம்மா. இப்படி ஒரு மண்ண நான் இந்தப் பக்கத்துல பார்த்ததே இல்ல. ஒரு குறையும் இல்ல."

அரசாங்க முத்திரை வைத்த அட்டையில், தன் மகள் கால் வைத்த இடத்துக்கு நேராக, குறை என்று ஒரு சொல்கூட இல்லாததை விரல் வைத்து வரி வரியாகப் படித்த கலாமணி, பிள்ளை செத்து நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான், மண் பொட்டலங்கள் அடுக்கிய அந்த அறையில், வாய்விட்டு அழுதாள். மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை போனாள். அட்டை படிக்கக் கற்றுக்கொண்டாள், எண்ணைப் பார்த்து உரம் கணக்கிடக் கற்றுக்கொண்டாள், அட்டை இல்லாமலே இலையைப் பார்த்துச் சொல்லவும் கற்றுக்கொண்டாள். பக்கத்து ஊர்த் தோப்புக்காரர்கள் மண் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அடியெல மஞ்சளாச்சுன்னா தழைச்சத்துக் கொறைங்க, கொழுந்து மஞ்சளாச்சுன்னா இரும்புக் கொறைங்க, ரெண்டுக்கும் யூரியாவையே அள்ளிக் கொட்டுனா மரம் என்னுங்க பண்ணும் பாவம்" என்று அவள் சொல்லிக் கேட்டபோது, இந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது. ஊருக்கே உரம் சொல்கிறவள் நம் புல்தரைக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "அப்புறம் பாக்கலாங்க மாமா" என்றாள். தன் மகள் நடக்கிற இடத்துக்காக மற்றவர்களைச் சிரமப்படுத்தக் கூசுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, வெறும் செயலாளர்.

பிள்ளையின் முதல் வருட நாளுக்கு அவர்கள் இருவரும் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போனார்கள். அன்றைக்கு வேலையை முடித்துவைத்து, அவர்கள் திரும்பி வரும்போது காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். அறிவிப்புப் பலகையில் கலாமணியே ஒட்டிவைத்திருந்த வெளிறிய மண்ணின் அட்டையை எடுத்து நான் படித்தேன். எனக்கும்தான் படிக்கத் தெரியுமே. இருபது சென்ட் இடத்துக்குத் தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல்சத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். இரும்புக்கு அன்னபேதி உப்பை மக்கிய தொழுவுரத்தில் கலந்தோம். சுண்ணாம்பின் கொட்டம் அடங்கக் கந்தகத்தூள் சேர்த்தோம். பிறகு மேடம் சரிபார்த்தபோது அதில் ஒரு கிராம் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், உரம் சரி, அளவு சரி, விதைத்த கையின் வாகு சரி. நாற்பத்தெட்டு வீட்டு ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் உரத்தைக் கட்டிக்கொண்டு, நெல் விதைப்பதுபோல வரிசையாக நடந்தார்கள். சி வரிசைப் பெண்கள் ஒருத்தர் விடாமல் வந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் குனிந்து குனிந்து ஒவ்வொரு காலடிக்கும் தனியாகக் கையால் தூவினார். பிள்ளை இனிமேல் பஞ்சத்தில் நடக்க வேண்டாம், பட்டுப் போன்ற புல்லில் நடக்கட்டும் என்றுதான் எல்லார் மனதிலும் இருந்தது.

சாயங்காலம் அவர்கள் காரை விட்டு இறங்கினார்கள். எல்லாரும் கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி வாசலில் நின்றோம். கலாமணி காற்றை முகர்ந்தாள். புல்தரை ஓரத்தில் போய்க் குந்தி, ஒரு கொத்தை விலக்கி அடிமண்ணைப் பார்த்தாள்.

"தண்ணி விட்டுட்டீங்களா மாமா?"

"நாலு மணி நேரம் விட்டாச்சு அம்மிணி! ஒரு குருணை மேல கெடக்குதா பாருங்க, அத்தனையும் கரைஞ்சு எறங்கீருச்சு" என்றேன், பெருமையாக.

"செரிங்க" என்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். களைப்பு என்று நினைத்தேன். ஈஸ்வரமூர்த்தி அதிகம் பேசுகிறவன் இல்லை, என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"என்னுங்கண்ணா பண்ணிப்போட்டீங்க. மத்த எடமெல்லாம் வெளுத்துக் கெடந்ததுனாலதானுங்க அவ காலு தெரிஞ்சுது. இனி பூராப் பச்சையானா எங்க புள்ள எங்க நிக்கறான்னு எப்படீங்கண்ணா தெரியும்?"

ஒரு பெண் வருடம் முழுதும் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. தன் பிள்ளை கண்ணில் படுவதற்காக நாற்பத்தெட்டு வீட்டுப் புல்லைப் பட்டினி போடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அவளைக் கேட்காமல் செய்ய எங்களுக்குக் கை வந்துவிட்டது.

நாலாம் நாள் பச்சை தலைகாட்டியது. ஏழாம் நாள் காலடிகளைக் குனிந்து தேட வேண்டியிருந்தது. பத்தாம் நாள் துண்டு நோட்டீசில் அச்சடித்திருந்த அதே கிளிப்பச்சையில் ரிசர்வ் சைட் மின்னியது, பக்கத்து லேஅவுட்காரர்கள் வந்து பார்த்து எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் வருகிறாளா என்று கண்டுபிடிக்க நாங்கள் என்னென்னவோ செய்தோம்: கோலமாவு தூவினோம், ஆற்று மணலைச் சலித்துப் பரப்பினோம், பனி விழுந்த புல்லில் கன்னம் வைத்துச் சாய்வாகப் பார்த்தோம். அந்தக் கால்களுக்கு எடை இல்லை; மாவு கலையாது, மணல் பதியாது, பனி உதிராது. பச்சை கொடுக்க மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும், பச்சையின்மேல் கொடுத்த பச்சையை எந்தக் கண்ணால் பார்ப்பது? மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம் கலாமணி "நீங்க நல்லதுக்குத்தானுங்க மாமா பண்ணுனீங்க" என்றாள். அதற்கு அவள் என்னை வைதிருக்கலாம்.

மறு மாதம் அவள் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போய் மேடத்தின் முன்னால் நின்று, "மேடம், இந்த மண்ண மறுபடி ஏழையாக்கோணுங்க. எப்படீன்னு சொல்லிக்குடுங்க" என்றாள். மேடத்தின் இருபத்திரண்டு வருட வேலையில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லையாம். முன்பு எத்தனை பொறுமையாகச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தாரோ அத்தனை பொறுமையாகக் கழிக்கவும் கற்றுக்கொடுத்தார். வாரம் தவறாமல் புல்லை வெட்டு, வெட்டிய புல்லில் ஓர் இழைகூட மண்ணில் மக்க விடாதே, நிறையத் தண்ணீர் பாய்ச்சித் தழைச்சத்தைக் கீழே இறக்கு. இரும்பைப் பற்றிக் கவலைப்படாதே, அதைச் சுண்ணாம்பு தானே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த ஒன்பது மாதமும் கற்பக கார்டன் தான் கொடுத்ததைத் திருடித் திரும்ப எடுத்தது. தங்கவேல் வெட்ட வெட்ட, வக்கீல் வீட்டுக்காரர் பெருக்க, சி வரிசைப் பெண்கள் சாக்கில் அள்ள, பால்காரர் மாட்டுக்குக் கொண்டுபோனார். மாடுகள் அந்த வருடம் கொழுத்தன. ஐப்பசி மழையும் எங்கள் பக்கம் நின்று அடித்துக் கழுவியது. மாதா மாதம் மண் போய் அட்டை வந்தது. தை மாதம் தழைச்சத்து மத்திமத்துக்கு இறங்கியது, பங்குனியில் மத்திமத்தின் அடிக்கு வந்தது, ஆனி மாதம் வந்த அட்டையில் குறைவு, குறைவு, மிகவும் குறைவு என்று இருந்ததைப் படித்ததும் நாச்சிமுத்து கடைக்கு ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். மண் கெட்டுப்போனதற்கு இனிப்புக் கொடுத்த ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். புல்தரை மறுபடி ஊறப்போட்ட அரிசி நிறத்துக்கு வந்தது.

அடுத்த நாள் விடியும்போது நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஓரத்தில் நின்றார்கள், கலாமணி எல்லாருக்கும் முன்னால். புல்தரை முழுதும் வெளிறிக் கிடந்தது. காலடி இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பதினாறு நாள் நின்றோம். பால்காரர் மழையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பச்சைக்குள் வந்துகொண்டிருந்தவள் எந்த நாளோ வருவதை நிறுத்தியிருக்கிறாள், அது எந்த நாள் என்றுகூட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

பதினேழாம் நாள் நாச்சிமுத்து என் வீட்டுக் கதவைத் தட்டிக் கூட்டிப்போனார். கலாமணி வீட்டுப் பின்பக்கச் சுவருக்கும் புல்தரைக்கும் நடுவே, நாங்கள் யாரும் தேடிப் பார்க்க நினைக்காத மூன்றடி அகலத்துக்குப் புல் ஓடுகிறது. அங்கே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு காலடிகள் ஜோடியாக, நடக்கிற மாதிரி முன்பின்னாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில், நின்ற மாதிரி, கருகும் அளவுக்குப் பச்சையாக இருந்தன. இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் சுவரைப் பார்த்திருந்தன. ஒரு நாள் காலடி எட்டாம் நாள் வெளிறும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்பது மாதம் வெட்டியும் கழுவியும் பட்டினி போட்டும் பச்சை போகவில்லை என்றால், அவள் ஒரு நாள் இரு நாள் அல்ல, நாள் தவறாமல் அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் நடுப்புல்லில் மாவு தூவித் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கலாமணி வந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, அந்தக் கால்களுக்கு நேர் மேலே இருந்த சன்னலைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

"அடுப்படிச் சன்னலுங்க மாமா" என்றாள். "பச்சையப் பாக்க முடியலீன்னு அன்னிக்குச் சாத்துனது. இத்தன மாசமாத் தொறக்கவே இல்லீங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதானே, அதையே சொன்னேன்: "ஒரு கை உரம் போட்டா இது இன்னும் கொஞ்ச நாளைக்கு நிக்கும் அம்மிணி."

"வேண்டாமுங்க. இது அவ குடுத்தது. அதும்மேல நம்மளுது வேண்டாம்."

அன்றைக்கே உள்ளே போய்ச் சன்னலைத் திறந்தாள். மாதக்கணக்கில் ஊறிய பச்சை என்பதால், அந்தக் காலடிகள் குதிகாலில் ஆரம்பித்து விரல் நுனி வரை வெளிறி முடியப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அவள் சன்னலருகே நின்று சமைத்தாள், மகளுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்பது மாதத்துச் சமாசாரத்தையும் சொல்லிக்கொண்டே சமைத்தாள், நான் பக்கத்தில் போகவில்லை என்றாலும் குரல் கேட்கும். இருபதாம் நாள் குரல் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். கீழே எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. கலாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சன்னலத் தட்டீருப்பாளா மாமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கைக்கு எடை இல்லை, தட்டினாலும் சத்தம் வந்திருக்காது, நீ எப்படிக் கேட்டிருப்பாய் என்று எதையாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். நான் அவள் எதிரில், அந்த இடத்தை மிதிக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.